என் பெயர் எழுதிய பெட்டி

பினாங்குக் கடற்கரை வீதியில் ஒரு சீனக் கிழவர் தூரக்கண்ணாடி வாடகைக்கு விடுகிறார். காசைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணை அதில் வைத்தால், துறைமுக வாயிலில் பாறையில் ஏறி ஒருபக்கமாகச் சரிந்து கிடக்கும் உல்லாசக் கப்பல் வெகு கிட்டத்தில் தெரியும். அதன் வட்டச் சாளரங்களை எண்ணலாம். கிழவருக்குப் பக்கத்தில் ஒருவன் மீ என்னும் சீனச் சேமியாவை வறுத்து விற்கிறான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன் சீவிய ஐஸில் சிவப்புச் சர்க்கரைப் பாணி ஊற்றிக் கொடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாயும் சாப்பாட்டுக் கூடையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருகிறார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலார்தான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இங்கே சாவு நடந்த இடத்துக்கு நேரெதிரே அடுப்பை மூட்டி வியாபாரம் பார்க்கிறார்கள். முதல் வாரம் எனக்கு அது அருவருப்பாக இருந்தது. மூன்றாம் வாரம் நானும் ஒரு கோப்பை ஐஸ் வாங்கிச் சாப்பிட்டேன். வெயில் அப்படி.

அந்தக் கப்பல் உலகம் சுற்றும் வெள்ளைக்காரருக்காகக் கட்டப்பட்டது. நடன மண்டபமும் நீந்தும் தொட்டியும் இருந்தனவாம். கொழும்புக்குப் போகிற வழியில் இங்கே இரண்டு நாள் நின்றது. அடித்தட்டில் சில படுக்கைகள் வெறுமையாக இருக்கவே, அவற்றை மலிவாகக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்த செல்லையா அண்ணை கடைசி நேரத்தில் ஓடிப்போய் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் நான்கு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் சேர்ந்து அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், வட்டுக்கோட்டைக்காரர். ஆறு வருடமாக ஊருக்குப் போகாதவர். அவருடைய மனைவி நாகம்மா அக்கா அந்த ஆறு வருடமும் மாதம் தவறாமல் எப்போது வருவீர்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

எங்களில் ஒருவன் ஊருக்குப் போகிறான் என்றால் அவன் மனிதன் அல்ல, மாட்டு வண்டில் என்பது புலம்பெயர்ந்த எல்லோருக்கும் தெரியும். செய்தி பரவிய அன்று பின்னேரமே ஆட்கள் பொதிகளோடு வந்துவிட்டார்கள். சீனப்பட்டு, யப்பான் கோப்பை, தலையிடித் தைலம், மணிக்கூடு, குடை. ஒவ்வொன்றும் வெள்ளைச் சீலையில் பொதிந்து தைத்து, கொடுக்கவேண்டியவரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அண்ணையின் பெட்டி பழையது. அவர் என்னிடம் வந்தார்.

“தம்பி, உன்ரை பெட்டியை ஒருக்கால் தாறியா? என்ரை பெட்டி பிணைச்சல் விட்டுப் போச்சு. எல்லாற்றை சாமானும் கொண்டு போக வேணும்.”

“கொண்டு போங்கோ அண்ணை. உங்கடை சாமானை எதிலை வைக்கப் போறியள்?”

“என்னட்டை என்ன கிடக்கு? ரெண்டு வேட்டி. உமலுக்கை போடுறன்.”

உமல் என்பது பனையோலைப் பை. ஊரில் மீன் வாங்கப் போகும்போது கொண்டுபோவது. இப்படியாக, ஊரார் சாமான் முழுவதும் என் தகரப் பெட்டிக்குள் போயிற்று. அதன் மூடியில் க. தர்மலிங்கம், கோப்பாய், யாழ்ப்பாணம், இலங்கை என்று வெள்ளை மையால் இங்கிலீஷில் பெரிதாக நான் எழுதி வைத்திருந்தேன். அண்ணை பெட்டியைப் பூட்டி, எங்கள் பேச்சில் திறப்பு எனப்படும் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். துறைமுகத்தில் அவரை நான் பகிடி பண்ணினேன்.

“வெள்ளைக்காரன்ரை உல்லாசக் கப்பல். பியானோ வாசிக்கப் போறியளோ அண்ணை?”

“நான் கீழை வெங்காய மூட்டையளோடை போறன். பியானோ மேலையிருந்து சும்மா கேக்கும்தானே” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

கப்பல் துறைமுகத்தை விட்டு அரைமணி நேரம் கூடப் போகவில்லை. மழை இருட்டில் பாறையில் ஏறியது. மேல்தட்டுக்காரர் ஏறக்குறைய எல்லோரையும் வள்ளங்களில் கொண்டு வந்துவிட்டார்கள். தண்ணீர் முதலில் ஏறியது அடித்தட்டில். அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கடைசி நேரத்தில் ஏறியவர்களின் பெயர்கள் இருந்த புத்தகமும் கப்பலோடு போய்விட்டது.

அன்றிலிருந்து நான் ஒவ்வொரு நாளும் கந்தோர் வேலை விட்டபின் மீட்பு வேலை நடக்கும் கொட்டகைக்குப் போனேன். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் முகம் எப்போதும் சிவந்திருக்கும் ஒரு துரை. கடுமையானவர் என்று சொல்ல முடியாது. யப்பான் சுழியோடிகள் பித்தளைத் தொப்பி மாட்டிக் கடலுக்குள் இறங்குவார்கள். இரண்டு கூலிகள் காற்றுப் பம்பைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். மேல்தட்டிலிருந்து எடுத்த சாமான்களை முற்றத்தில் வெயிலில் காயவிட்டிருந்தார்கள். நடன உடுப்புகள் கொடியில் தொங்கின. ஒருநாள் பியானோவே சங்கிலியில் தொங்கி வந்தது. தண்ணீர் ஒழுக ஒழுக அதை இறக்கியபோது எனக்கு அண்ணையின் பேச்சு நினைவுக்கு வந்து, அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

துரையிடம் நான் கேட்பது ஒரே கேள்வி. அவர் சொல்வதும் ஒரே பதில்.

“காணாமல் போனவர் பட்டியலில் செல்லையா என்று யாரும் இல்லை.”

“அவர் கப்பலில் ஏறியதை நான் பார்த்தேன்.”

“ஏறியவர்கள் பட்டியலிலும் அவர் இல்லை. ஏறாத ஒருவரைக் காணாமல் போனவர் என்று நான் எப்படி எழுதுவது?”

அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. அந்த நாட்களில் நான் ஊருக்குக் கடிதம் எழுதவில்லை. எழுதினால் கப்பலைப் பற்றி எழுத வேண்டும். கப்பலைப் பற்றி எழுதினால் செல்லையா அண்ணையைப் பற்றி எழுத வேண்டும். திடமான செய்தி வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்; மற்றவர்களிடமும் சொல்லி வைத்தேன். உண்மை என்னவென்றால், நாகம்மா அக்காவுக்கு அதை எழுதும் ஆள் நானாக இருக்கப் பயந்தேன்.

ஆறு வாரம் கழித்து, கோப்பாயிலிருந்து என் கூடப்பிறந்த அண்ணரின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. எனக்கல்ல; எங்கள் வீட்டிலிருந்த கந்தையாவுக்கு. அவன் அதை வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“மச்சான், நீ செத்துப் போனியாம்.”

வாங்கி வாசித்தேன். துறைமுகத்தில் எடுத்த ஒரு பெட்டியில் என் பெயர் இருந்ததாம். சொந்தக்காரர் மாண்டவர்களில் ஒருவர் என்று கொழும்புக்கு அறிவிக்க, கொழும்பிலிருந்து கடதாசி வந்து, ஊர்த் தலைமைக்காரரான விதானையார் அதை எங்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வந்து எங்களைத் திகைக்க வைக்க எண்ணியிருப்பான் என்று அண்ணர் எழுதியிருந்தார். உடல் கிடைக்காதபடியால் தருப்பைப் புல்லில் என்னைப்போல ஓர் உருச் செய்து, சுடலைக்குக் கொண்டுபோய் அவரே கொள்ளி வைத்தாராம். கடிதத்தின் கடைசிப் பகுதிதான் கந்தையாவுக்கு: ‘பாக்கியம் தாலியைக் கழற்ற மறுக்கிறாள். பெட்டி செத்தால் ஆள் செத்ததோ, கண்டவர் ஆராவது எழுதட்டும் என்று நிற்கிறாள். சனம் ஒருமாதிரிக் கதைக்கிறது. தம்பி இறந்ததை நீர் கண்ணால் கண்டதாக இரண்டு வரி எழுதி அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.’

பாக்கியம் என் மனைவி. கல்யாணமான ஒன்பதாம் மாதம் விட்டுவிட்டு வந்தவன் நான். அவளுடைய பிடிவாதத்தைப் பற்றி அதுவரை நான் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்குத் தபாற்கந்தோருக்கு ஓடியபோது வழியெல்லாம் அந்தப் பிடிவாதத்தைக் கும்பிட்டுக்கொண்டே ஓடினேன். தந்தி என்றால் இழவு என்று எண்ணுகிற ஊர் எங்களுடையது. இந்தத் தந்தியாவது அவர்களுக்கு நல்லதைச் சொல்லட்டும் என்று, உயிருடன் இருக்கிறேன், பெட்டி இரவல் கொடுத்தது என்று அடித்தேன். யாருக்கு என்று அடிக்கவில்லை.

அங்கிருந்து நேரே கொட்டகைக்குப் போனேன். இத்தனை நாளும் துரை என் பெயரைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொன்னேன். அவர் பட்டியலை எடுத்து, என் பெயரைச் சிவப்பு மையால் வெட்டி, சந்தோஷம், பெட்டியைப் பெற்றுக்கொண்டதாக இங்கே கையெழுத்திடுங்கள் என்றார். அடித்தட்டுச் சாமான்கள் தனியாகப் பூட்டிய அறையில் இருந்தன. பெட்டி நெளிந்து கறள் பிடித்திருந்தது. பூட்டு மட்டும் உறுதியாக இருந்தது. மூடியின் பிணைச்சல்களைக் கழற்றிப் பின்பக்கத்தால் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

“இதுதான் செல்லையா கப்பலில் இருந்ததற்குச் சாட்சி” என்றேன்.

“இது உங்கள் பெட்டி கப்பலில் இருந்ததற்குச் சாட்சி. உள்ளே இருப்பதில் எது அவருடையது?”

“ஒன்றும் இல்லை. எல்லாம் மற்றவர்களுடையவை.”

துரை பேனையை மேசையில் வைத்தார். “ஒருவர் ஆறு வருடத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போகிறார். இன்னொருவரின் பெட்டி நிறைய அயலாரின் சாமானைக் கொண்டு போகிறார். தனக்கென்று ஒன்றும் கொண்டு போகவில்லை. இதை நான் நம்ப வேண்டுமா?”

“எங்கள் ஆட்களின் வழக்கம் அது” என்றேன். எங்கள் ஊர் வழக்கமொன்று இவ்வளவு பொய்யாக ஒலித்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

மூன்று வாரத்தில் ஊரிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. அண்ணர் சந்தோஷத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கிரியை முடிந்தவன் திரும்பி வந்தால் பிறந்த பிள்ளைக்குச் செய்யும் சடங்கெல்லாம் செய்து பெயரும் வைத்துத்தான் வீட்டுக்குள் எடுக்க வேண்டும் என்று குருக்கள் சொல்வதாக எழுதியிருந்தார். பாக்கியம் கதைப்பது போலவே எழுதுவாள்.

“நீங்கள் வரேக்கை தொட்டில் வாங்கி வைக்கட்டோ? தாலி பத்திரம். நாகம்மா அக்கா வந்தவ. செத்தவீட்டுக்கு வந்தபோது ஒரு மூலையிலை இருந்து என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ. இப்ப சிரிச்சுக்கொண்டு வந்தவ. பட்டியலிலை இருந்தவரே உயிரோடை இருக்கிறார், பட்டியலிலை இல்லாத என்ரை மனிசனுக்கு என்ன வரப்போகுது எண்டு சொல்லிச் சாப்பிட்டிட்டுப் போனவ. செல்லையா அண்ணை எந்தக் கப்பலிலை வாறார்?”

அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் பிழைத்துக்கொண்டதால் நாகம்மா அக்கா ஏமாந்து போயிருக்கிறார். நான் முதல் வாரமே எழுதியிருந்தால் பாக்கியத்துக்கு அந்த அவமானமும் இல்லை, அக்காவுக்கு இந்தச் சிரிப்பும் இல்லை. இப்போது எழுதினாலும் என்னிடம் என்ன இருந்தது? பெட்டி செத்தால் ஆள் செத்ததோ என்று அவரும் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

இதற்குள் சுழியோடிகள் கப்பலின் அடியிலிருந்த ஓட்டையைப் பலகையும் சீமெந்தும் வைத்து அடைத்துவிட்டார்கள். இராப்பகலாகப் பம்புகள் தண்ணீரை இறைத்தன. தோட்டத்துக்கு இறைத்து வளர்ந்த எனக்கு, ஒரு கப்பலைக் கிணறு மாதிரி இறைப்பதைப் பார்க்க ஒரு விசித்திரம்தான். அடித்தட்டு வெளிப்பட்ட அன்று துரை ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அவர் மேசைமேல் ஒரு தட்டில் கறுத்த கயிற்றுத் துண்டு ஒன்று கிடந்தது. அதில் ஒரு திறப்பு முடிந்திருந்தது.

“ஒருவருடைய இடுப்பில் இருந்தது. அடையாளம் சொல்ல வேறொன்றும் இல்லை. உங்கள் பெட்டியைக் கொண்டு வாருங்கள்” என்றார்.

ரிக்‌ஷாவில் கொண்டு போனேன். துரை பூட்டின் உப்பைத் தட்டி, எண்ணெய் விட்டு, திறப்பைப் போட்டுத் திருப்பினார். முதலில் அசையவில்லை. பிறகு திறந்தது. அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பட்டியலை எடுத்து, சிவப்பு மையால் வெட்டியிருந்த என் பெயருக்குக் கீழே செல்லையா என்று எழுதினார். ஊர் எதுவென்று கேட்டார். வட்டுக்கோட்டை என்றேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லிப் பொறுமையாக எழுதினார்.

கோப்பாயில் என் உருவுக்கு அண்ணர் கொள்ளி வைத்தார். பினாங்கில் செல்லையா அண்ணைக்கு நான் வைத்தேன். அன்றிரவே நாகம்மா அக்காவுக்கு எழுதினேன். நான் எழுதிய கடிதங்களில் மிகச் சிறியது அதுதான். கண்ணால் கண்டேன் என்று எழுதினேன். பயத்தால் எழுதாமல் இருந்தது என் பிழை என்றும் எழுதினேன். திறப்பை ஒரு சீலைத்துண்டில் சுற்றி உள்ளே வைத்தேன். அனுப்புவதற்கு அவருடையதாக வேறொன்றும் என்னிடம் இல்லை. பார்க்கப்போனால் அதுகூட என் திறப்புத்தான்.

போன வாரம் இரண்டு இழுவைக் கப்பல்கள் அந்த உல்லாசக் கப்பலை நிமிர்த்தி உடைக்கிற இடத்துக்குக் கொண்டு போய்விட்டன. மறுநாள் பார்த்தேன், சீனக் கிழவர் தூரக்கண்ணாடியை மலைப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். அதற்கும் ஆட்கள் வருகிறார்கள். நேற்றுப் பாக்கியத்தின் கடிதம் வந்தது.

“அக்கா தாலியைக் கழட்டிப்போட்டா. ஆரும் சொல்லவேண்டி இருக்கேல்லை. திறப்பைச் சேலைத் தலைப்பிலை முடிஞ்சு வைச்சிருக்கிறா. எந்தப் பெட்டியின்ரை திறப்பெண்டு கேட்டால், அது பினாங்கிலை கிடக்கிற பெட்டி எண்டுறா. நீங்கள் எப்ப வாறியள்?”

லீவு கேட்டிருக்கிறேன். போனால் எனக்கு முதலில் பெயர் வைக்க வேண்டும். அதுவரை கோப்பாயில் நான் இன்னும் பிறக்காதவன். பெட்டியின் பிணைச்சல்களைத் திருப்பி அடித்துவிட்டேன். மூடியில் இருந்த என் பெயர் கடல் தண்ணீரில் போய்விட்டது. ஊர்ப் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. வேறு பூட்டு வாங்கிப் போடேன் என்கிறான் கந்தையா. நான் வாங்கவில்லை. பெட்டி என் கட்டிலுக்குக் கீழே பூட்டாமல் கிடக்கிறது.