லேசோவிலிருந்து அன்ஹோல்டுக்கு இருபத்தைந்து நிமிடம்

காலை 9.40. டெனிஷ் தீவான லேசோவின் விமான நிலையம் என்பது வெட்டிய புல்வெளியும் ஒரு மரக்கொட்டிலும்தான். இங்கிருந்து தெற்கே அன்ஹோல்ட் தீவு ஆகாய வழியாக எழுபத்துமூன்று கிலோமீற்றர். நான்கு பேர் அமரும் சின்ன விமானத்தில் இருபத்தைந்து நிமிடம். கப்பலில் என்றால் பெருநிலத்துக்குப் போய், பஸ் பிடித்து, மறு கப்பலுக்குக் காத்திருந்து இரண்டு நாள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

எண்பத்தெட்டாம் ஆண்டுக் கோடை அது. நான் அன்ஹோல்டில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்திலிருந்த மனைவியை அழைக்கப் போட்ட விண்ணப்பம் ஒன்றரை வருடமாக உறங்கிக் கிடந்தது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அதே கதிதான். பழைய வேலைச் சான்றையும் இணைத்தால் நல்லது என்று யாரோ சொல்ல, முன்பு வேலை செய்த லேசோ இறால் தொழிற்சாலைக்கு வந்து அதை வாங்கிவிட்டேன். இனி பன்னிரண்டு மணிக்குள் விடுதித் தொலைபேசியடியில் நிற்க வேண்டும். என்னோடு பேசவென்றே அவள் கொழும்புக்கு வந்திருந்தாள். நான்கு மாதமாக அவள் குரலைக் கேட்கவில்லை.

விமானத்தின் சொந்தக்காரர் பொவுல், ஓய்வுபெற்ற மீனவர். பெற்றோலுக்கு முந்நூறு குரோனர் கேட்டார். பிறகு என் எடையைக் கேட்டார். ஐம்பத்தெட்டு கிலோ. இன்னும் ஓர் ஆளைத் தாராளமாக ஏற்றலாம் என்றார். அந்த ஆளுக்குத்தான் விசா இல்லை என்றேன்.

10.00 மணிக்கே கிளம்பக் கேட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். ஆனால் கடல்மேல் கவிந்த பனிமூட்டம் அசையவில்லை.

10.40. மூட்டம் விலகியது. பொவுல் ஏறச் சொன்னார். எனக்குக் கால் எழவில்லை. விசா விடயமாக வந்த பயணம் ஆயிற்றே. அரைகுறை டெனிஷில் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. உங்கள் ஊரில் இப்போது எத்தனை மணி என்று கேட்டார். விரல் விட்டு எண்ணி, இரண்டு பத்து என்றேன். அப்படியானால் அந்தக் கெட்ட நேரம் அங்கே எப்போதோ போய்விட்டது, அந்த மணிக்கூட்டைப் பார்த்து ஏறு என்றார். எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஏறினேன்.

11.10. அன்ஹோல்ட். மேலிருந்து பார்த்தால் தீவின் பெரும்பகுதி வெறும் மணல், நம் யாழ்ப்பாணத்து மணற்காட்டைப் போல. இறங்கியதும் சைக்கிளில் விடுதிக்கு விரைந்தேன்.

12.20. தொலைபேசி மணி அடித்தது. லேசோவுக்குப் போவதாகக் கடிதத்தில் எழுதியிருந்தேன். அவள் முதலில் கேட்டதே அதைத்தான்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "பத்தே முக்காலுக்கு. ராகு காலம்தான். நிண்டிருந்தா உம்மோட கதைக்கேலாது."



"நானும் பதினொரு மணிக்குத்தான் லொட்ஜால வெளிக்கிட்டனான்," என்றாள். "பிந்தினா ரெலிபோன் வரிசையில இடம் கிடையாது. உங்களுக்குச் சொல்லுறேல்லை எண்டு இருந்தனான்."

சொல்ல நினைத்தவற்றை எல்லாம் மறந்து இருவரும் சிரித்ததிலேயே பேசக் கிடைத்த மூன்று நிமிடமும் போய்விட்டது.

அவள் வந்து சேர மேலும் மூன்று வருடம் ஆனது. அவள் வந்த கோடையில் பொவுல் எங்களை லேசோவுக்குக் கூட்டிப்போனார். அவளுடைய எடையைக் கேட்டு, என் எடைக்குக் கீழே எழுதினார். அதே எழுபத்துமூன்று கிலோமீற்றர், அதே இருபத்தைந்து நிமிடம். எத்தனை மணிக்கு வெளிக்கிட்டோம் என்று இருவருமே பார்க்கவில்லை.