இரண்டு ரூபாய் நோட்டு செல்லுமா?

என் கணவர் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அவர் காலமாகி இரண்டு வருடம் கழித்து, சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் மகனோடு மாரெட்பள்ளிக்கு வீடு மாறினேன். சாமான் கட்டும்போது, அவருடைய காக்கிச் சட்டைகள் இருந்த டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய இரண்டு ரூபாய் நோட்டுக் கட்டு ஒன்று கிடைத்தது.

பால் வாங்க அதிலிருந்து எடுத்து நீட்டினேன். "நக்கோ அம்மா, ஏ நை சல்தா", வேண்டாம், இது செல்லாது என்று கடைக்காரர் திருப்பித் தந்துவிட்டார்.

"அடிக்கிறதையே நிறுத்திட்டாங்கம்மா, தூக்கிப் போடு" என்றான் மகன்.

மனசு கேட்கவில்லை. பேங்கில் கேட்டேன். கவுன்டரில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண். "புதுசா அடிக்கிறதில்லையே தவிர, இது செல்லும்மா" என்று வாங்கிக்கொண்டு வேறு நோட்டு கொடுத்தாள். ரொம்பக் கிழிந்திருந்த ஒன்றை மட்டும் திருப்பித் தந்தாள். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

கிழிந்த நோட்டை ஒட்டலாம் என்று பிரித்தால், ஓரத்தில் பென்சிலில் அவர் கையெழுத்து: 'சரோ, பூவுக்கு.'

தினமும் வேலை முடிந்து வரும்போது எனக்குப் பூ வாங்கி வருவார். சண்டை போட்ட நாட்களில் மட்டும் வெறுங்கையோடு வருவார். அந்தப் பூக்காசை அவர் செலவழிக்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆட்டோ பிடித்து பேங்குக்கு ஓடினேன். "மத்த பழைய நோட்டு எல்லாத்தோடயும் சேர்த்து ஹெட் ஆபீசுக்கு அனுப்பிட்டோமேம்மா" என்று அந்தப் பெண் கையைப் பிசைந்தாள்.

இப்போதெல்லாம் அவருடைய பொருள் எதையும் நன்றாகப் பார்க்காமல் வெளியே கொடுப்பதில்லை. யார் கையிலாவது இரண்டு ரூபாய் நோட்டைக் கண்டால், ஒரு நிமிடம் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.