நூர்பானு டீச்சரின் தராசு

வாசலில் செருப்பைக் கழற்றிய காலோடு நூர்பானு நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். யாரையும் கேட்பதில்லை. சட்டியின் மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான், "என்ன ஏட்டி, நல்லாருக்கியா?" என்று வீட்டுக்காரியை விசாரிப்பாள். சட்டியில் வெறும் ரசம் இருந்தால் அந்த விசாரிப்பும் கிடையாது. "இந்தத் தண்ணியில மீனுதான் வளரும், புள்ள வளராது" என்பாள்.

தளவாய்புரத்தில் தறிக்காரர்கள் குடியிருக்கும் இரண்டு தெருக்கள் அவள் ராஜ்ஜியம். சின்னப் பிள்ளைகளுக்கு எதை, எப்படி, எத்தனை தடவை ஊட்டுவது என்று தாய்மாருக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. எண்பத்தாறில் ராஜபாளையத்தில் பயிற்சி முடித்து வந்தாள். சர்க்கார் சம்பளம், கேட்பவர்களுக்கு இலவசம். இலவசம் என்பதுதான் முதலில் தொல்லையாகிவிட்டது. "சும்மா பேசிட்டுப் போறதுக்கா இந்தம்மாவுக்குச் சம்பளம் குடுக்காக?" என்று சந்தேகப்பட்டு, அவள் தலை தெரிந்ததும் கதவைச் சாத்தினார்கள். அவள் அசரவில்லை. சாத்திய கதவுக்கு வெளியே நின்றே பாடம் நடத்தினாள். தொண்டை அப்படி.

ஆள் நல்ல பருமன். ஒல்லியாக ஒருத்தி வந்து சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் யார் நம்புவார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கையில் எப்போதும் ஒரு சுருட்டிய படத்தாள். கீரையும் முட்டையும் வரைந்தது. அதை விரித்துக் காட்டியதைவிடக் கோழி விரட்டியதுதான் அதிகம். அந்தந்த வீட்டு அடுப்பிலேயே பாசிப்பயறை வேகவைத்து, சோற்றோடு மசித்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, பிள்ளைக்கு ஊட்டியே காட்டிவிடுவாள். பருப்பு மாந்தம், முட்டை சூடு, வாழைப்பழம் சளி என்று யாராவது தொடங்கினால், "அப்பம் புள்ளைக்குக் காத்தையா ஊட்டுவ?" என்று கேட்பாள்.

மாதம் ஒரு நாள் வேப்பமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, அதன் தூளியில் பிள்ளைகளை உட்காரவைத்து எடை பார்ப்பாள். எடை கூடியிருந்தால் தெருவுக்கே கேட்கும்படி கூவுவாள். கேட்கிறவளுக்கும் ரோஷம் வந்து தன் பிள்ளைக்கு ஒரு வாய் கூடுதலாக ஊட்டுவாள் என்பது அவள் நம்பிக்கை. வெள்ளத்தாயிடம் மட்டும் அது பலிக்கவில்லை.

வெள்ளத்தாயின் மூத்த பிள்ளையைக் கொழுகொழுவென்று இருப்பதாக நூர்பானு கூவியிருந்தாள். அடுத்த மாதமே அது காய்ச்சலில் போய்விட்டது. இப்போது இருக்கும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை வெள்ளத்தாய் தராசுப் பக்கமே கொண்டுவருவதில்லை. "எம் புள்ளய ஊரு பூரா ஏலம் போட்டீக. கண்ணு பட்டு ஒண்ணு போனது போதும் டீச்சர்." அந்தப் பேச்சு நூர்பானுவை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

குழந்தையோ வயிற்றுப்போக்கு கண்டு, அதிலிருந்து தேறாமல், வெறும் வடிகஞ்சியில் கிடந்தது. கையும் காலும் ஈர்க்குச்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் வெள்ளத்தாய் கதவைச் சாத்திக்கொண்டாள். மழைக்காலத்தை இது தாண்டுமா என்று நூர்பானுவுக்குப் பயமாகிவிட்டது.

வெள்ளத்தாயின் புருஷன் பால்சாமி ஒரு சண்டைச் சேவல் வளர்க்கிறான். தறி நிற்கும் நேரமெல்லாம் அதோடுதான். நூர்பானு ஒரு நாள் வெள்ளத்தாயை விட்டுவிட்டு அவனிடம் போய் உட்கார்ந்தாள்.

"தம்பி, இதுக்கு என்ன தீனி?"

பால்சாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கம்பு, கேப்பை. உச்சி வேளைக்கு அவிச்ச முட்டை. ஒரேடியா திணிக்கக் கூடாது டீச்சர். கொஞ்சங் கொஞ்சமா, அஞ்சு தடவை."

"கழிச்சல் வந்தா பட்டினி போட்டுருவியோ?"

"பட்டினி போட்டா செத்துப்போகும்லா. தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கணும். தேறுன பொறவு தீனியக் கூட்டணும்."

"இதத்தான்யா ஆறு மாசமா உன் வீட்டு வாசல்ல நின்னு கத்துதேன்" என்றாள் நூர்பானு.

உள்ளே குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. பால்சாமி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "பருப்பு எம்புட்டுப் போடணும்?" என்று கேட்டான்.

மறுநாளிலிருந்து ஊட்டுவது அவன் பொறுப்பு. வேலை விட்டு வந்ததும் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். ஆம்பிளை ஊட்டுகிறானே என்று தெருவில் கேலி செய்தார்கள். முட்டை கைமாறிப் போனதில் சேவலுக்கு மட்டும்தான் வருத்தம்.

போன மாத எடை நாளன்று மரத்தடியில் நல்ல கூட்டம். பால்சாமி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். வெள்ளத்தாய் பின்னாலேயே வந்து, வரிசைக்கு எட்டத்திலேயே நின்றுகொண்டாள். குழந்தையைத் தூளியில் வைத்ததும் முள் ஆடி ஆடி, இந்த வயதுக்கு ஆபத்து என்று நூர்பானு பயந்த எடையை நன்றாகவே தாண்டி நின்றது. நூர்பானுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது கூவப் போகிறாள் என்று பெண்களெல்லாம் அவள் வாயையே பார்த்தார்கள்.

நூர்பானு வாயைத் திறக்கவில்லை. முந்தானையை இழுத்துத் தராசின் முகத்தை மூடினாள். பிறகு வெள்ளத்தாயைக் கையசைத்துக் கூப்பிட்டு, அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு அதை விலக்கிப் பிடித்தாள்.