படத்தில் விழுந்த மாலை

எங்கள் கரையில் ஆடும் வாசாப்பு என்ற கத்தோலிக்கக் கூத்தில் இளவரசி வேஷம் கட்டுவது ஆண்கள்தான். அதை வீடியோப் படமாக எடுத்தபோது அந்த வேஷம் பதினைந்து வயதுப் பெண்ணான எனக்குக் கிடைத்தது. இளவரசனாக நடித்த பையன் எனக்கு மாலை போட்டான். அவ்வளவுதான்.

படம் பார்த்த ஊர் கொதித்தது. "பால்குடி மறவாத பிள்ளைக்குக் கலியாணக் காட்சியோ? வெக்கமில்லையோ உங்களுக்கு?" என்று கோயில் மூப்பர் கத்தினார். கசெட்டை எரித்தார்கள்.

அடுத்த மாதம் ஆயுதக்காரர்கள் சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடிக்கத் தொடங்கினார்கள். தாலி ஏறிய பெண்ணை விட்டுவிடுவார்கள் என்று வீட்டில் அவசரமாக எனக்குக் கலியாணம் கட்டிவைத்தார்கள். கோயிலில் சாட்சியாக நின்றவர் அதே மூப்பர். "பிள்ளை வளந்திட்டாள்தானே," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பந்தியில் இரண்டாம் தரம் இறைச்சி கேட்டார்.