ஒன்பது வெள்ளைச் சட்டைகள்

அப்பா காலமாகி ஒரு வருடம் கழித்து ஊருக்கு வந்திருந்த என் தங்கை அவருடைய பீரோவைத் திறந்தாள். "இந்தச் சட்டையெல்லாம் நான் எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். யாருக்காவது கொடுக்கப் போகிறாள் என்று நினைத்து அம்மா தலையாட்டினாள். அப்பா பள்ளியில் பூகோள ஆசிரியராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் வெள்ளை அரைக்கைச் சட்டை தவிர வேறெதுவும் போட்டதில்லை.

தங்கை சென்னையில் இருக்கிறாள். நவீன ஓவியம், அப்புறம் அறை முழுக்கப் பொருள்களை வைத்துச் செய்யும் ஏதோ ஒன்று, இதுதான் அவள் வேலை. கண்காட்சி அழைப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். நானும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். ஒன்றையும் போய்ப் பார்த்ததில்லை.

போன கோடையில் திருச்சியிலேயே ஒரு கண்காட்சி வைத்தார்கள். மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஒரு கிடங்கு. ஐந்து பேருடைய படைப்புகள், அதில் தங்கையுடையதும் ஒன்று. இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது.

"எனக்கு அதெல்லாம் புரியுமாடா?" என்றாள் அம்மா.

"எனக்கும் புரியாது. பார்த்துட்டு வந்துடலாம் வா."

ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் போய் இறங்கினோம். கிடங்குக்காரர் ஒரு ஜவுளி வியாபாரி. அம்மா வயதுதான் இருக்கும், தலையில் வெள்ளைத் தொப்பி. வாசலில் நின்று, "வாங்கம்மா, உள்ள ஃபேன் போட்டிருக்கு, மெதுவா பாருங்க" என்று வரவேற்றார்.

முதல் அறையில் சுவரளவு ஒரு துணி, முழுக்கக் கருநீலம். அம்மா அதன் முன்னால் நின்று, ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நகர்ந்தாள். அடுத்த அறையில் ஒரு வீடியோ. வறண்ட கொள்ளிடத்து மணலில் ஒருவர் குடையோடு நடந்து போய்க்கொண்டே இருந்தார். கரை வரவே இல்லை. எனக்குக் கால் வலித்தது. அம்மாவோ அது முடிந்து மறுபடி தொடங்கும் வரை பார்த்தாள்.

கடைசி அறை தங்கையுடையது. மேலிருந்து கம்பிகளில் ஒன்பது வெள்ளைச் சட்டைகள், வரிசையில் நிற்கிறவர்களைப் போல, எங்கள் நெஞ்சு உயரத்தில் தொங்கின. மின்விசிறிக் காற்றில் லேசாக அசைந்தன. 'அப்பா' என்று மட்டும் சுவரில் எழுதியிருந்தது. தங்கை மூலையில் நின்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அழவில்லை. முதல் சட்டையின் பையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அடுத்ததை. நான்காவது சட்டைக்கு வந்ததும் பையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவரோடது இல்லைடி."

"என்னம்மா சொல்றே? எல்லாம் பீரோலேர்ந்து எடுத்ததுதான்."

"பேனாவும் கண்ணாடியும் வெச்சு வெச்சு அவர் பை கிழிஞ்சுடும். அதனால ஒவ்வொண்ணுத்துக்கும் அடியில ஒட்டுத் துணி வெச்சு நான்தான் தைப்பேன். இதுல இல்லை பார்."

தங்கையின் முகம் வாடிவிட்டது. ஏழெட்டு மாத வேலை. நான் கழுத்துப் பட்டையைப் புரட்டினேன். என் தையல்காரரின் முத்திரை இருந்தது. அது என் சட்டை.

எனக்கு எல்லாம் நினைவு வந்தது. அப்பாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய காலை. கிளம்பும் நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டார். சட்டையெல்லாம் போயிற்று. எனக்கு மாற்றிக்கொள்ள நான் கொண்டுபோயிருந்த வெள்ளைச் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டு, அவருடையதைக் குழாயில் அலசிப் பையில் திணித்தேன். "அம்மாகிட்ட சொல்லாதே. வீட்டுக்கு அனுப்பிட்டான்னு சந்தோஷமா இருப்பா" என்றார். சொல்லவில்லை. சலவைக்குப் போய் இஸ்திரி போட்டு வந்த சட்டை அவர் பீரோவுக்குள் போய்விட்டது. மூன்று வாரத்தில் அவரும் போய்விட்டார்.

இப்போது சொன்னேன். சொல்லியிருந்தால் அம்மா அன்றே திரும்ப மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருப்பாள் என்று ஏறக்குறைய இரண்டு வருடமாக எனக்குள் ஒரு குறுகுறுப்பு. அதையும் சேர்த்துச் சொன்னேன்.

கிடங்குக்காரர் சத்தமில்லாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அம்மா உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு சாத்தமுது சாதம் பிசைஞ்சு கொடுத்தேன். ரெண்டு வாய்க்கு மேல வேண்டாம்னுட்டார். அப்பவே எனக்குத் தெரியும்டா" என்றாள். "நான் கேட்டா அவருக்குக் கஷ்டமா இருக்குமேன்னு நானும் கேக்கலை."

பிறகு தங்கை, "நாலாவதைக் கழட்டிடட்டுமாம்மா?" என்றாள்.

"எதுக்கு? ஆஸ்பத்திரிலேர்ந்து இதைப் போட்டுண்டுதானே ஆத்துக்கு வந்தார். இருக்கட்டும்."

திரும்பும்போது பாலத்தில் காற்று நன்றாக அடித்தது. அம்மா, அந்தக் குடைக்காரர் ஏன் கரையேறவே இல்லை என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

கடைசி நாள் சாமான்களை எடுக்கத் தங்கைக்கு உதவப் போயிருந்தேன். கிடங்குக்காரர் என்னைத் தனியே அழைத்தார். "உங்க அம்மா நடுவுல மூணு நாள் வந்தாங்க தம்பி. டவுன் பஸ்ல தனியா. வர்றவங்களுக்கெல்லாம் அவங்களேதான் எல்லாத்தையும் காட்டினாங்க. அந்த நீலத் துணிக்குக்கூட ஏதோ விளக்கம் சொன்னாங்க."

எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில் கோயிலுக்குப் போயிட்டு வரேன் என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். வீட்டுக்கு வந்து, "நீலத் துணிக்கு என்னம்மா சொன்னே?" என்று கேட்டேன்.

"பார்த்துண்டே இருங்கோ, கொஞ்ச நேரத்துல பழகிடும்னேன்" என்றாள். "அடுத்தது சென்னையில எப்போன்னு அவகிட்ட கேளு."