மாப்பிள்ளையின் இணையத்தளம்

போன வாரம் ஒரு மாப்பிள்ளையை விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கல்முனைக்குடியில் இருக்கும் நண்பர் ஜமால்தீனின் மகளுக்கு நிந்தவூரிலிருந்து ஒரு பேச்சு. மாப்பிள்ளை ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறாராம்.

“கந்தோர்ல எத்தனை கள்ளக் கம்பெனியப் புடிச்ச ஆள் நீங்க. ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க மச்சான்” என்றார் ஜமால்தீன்.

உண்மைதான். அலுவலகத்தில், டெண்டர் என்கிற கேள்விமனு போடும் கம்பெனிகளின் காகிதங்களைச் சோதித்தே தலை நரைத்தவன் நான். முன்பெல்லாம் மாப்பிள்ளையை விசாரிக்கப் பள்ளிவாசலுக்கும் பக்கத்துக் கடைக்கும் போவோம். இப்போது? உட்கார்ந்த இடத்திலேயே கடையின் இணையத்தளத்தைப் போனில் திறந்தேன்.

திறந்தது என்று சொல்ல முடியாது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தேத்தண்ணி ஆறிய பிறகு ஒரு கண்ணாடிக் கட்டடம் வந்தது. பன்னிரண்டு மாடி. நிந்தவூரில் எங்கே இருக்கிறது இது — கடலுக்குள்ளா? அடுத்து ‘எங்கள் குழு’: கோட்டுப் போட்ட ஐந்து வெள்ளைக்காரர்கள். ‘உலகத் தரம்’, ‘முன்னணி நிறுவனம்’... என்ன விற்கிறார்கள் என்று மட்டும் எங்கும் இல்லை. முகவரி இல்லை. இருந்த ஒரே தொலைபேசி எண்ணிலும் ஓர் இலக்கம் குறைவு.

ஜமால்தீனிடம் வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தும் விட்டேன். ஆனால் நேரில் பார்க்காமல் கையெழுத்து வைத்த பழக்கம் எனக்கில்லை. பஸ் ஏறி, ஜமால்தீன் சொன்ன அடையாளத்தை வைத்துக் கடையைக் கண்டுபிடித்தேன்.

தகரக் கூரை. வாசலில் கம்பிக் கட்டுகள், குழாய்கள். நான் யாரென்று சொல்லாமல், ஆணி வாங்க வந்தவனாக நின்றேன். கடற்கரை வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடிக்க ஒருவர் விலை கூடிய பெயின்டைக் கேட்டார். மாப்பிள்ளை கொடுக்கவில்லை; அண்ணன் முறை வைத்துச் சொன்னார்:

“துருவச் சுரண்டாம எத அடிச்சாலும் கடக்காத்துக்கு நிக்காது காக்கா. சுரண்டிப்போட்டு இந்த விலை குறைஞ்சத அடிங்க. அதுவே காணும்.”

சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான்! கடைசியில் இணையத்தளத்தைப் பற்றிக் கேட்டேன். மாப்பிள்ளைக்கு வெட்கம். கொழும்பில் யாரோ செய்து அனுப்பியதாம்.

“பெரிய கடை மாதிரித் தெரியட்டும் எண்டு விட்டுட்டன் சேர். நம்மட தகரத்தப் பார்க்க ஆரு வரப்போறா?”

நம் வியாபாரிகளின் கோளாறு இதுதான். இல்லாததைக் காட்டப் போய் இருப்பதை மறைக்கிறார்கள். தளத்தைத் திறக்கிறவன் என்னைப் போலச் சந்தேகத்தோடுதான் திறக்கிறான். கடை எங்கே, என்ன கிடைக்கும், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், அழைத்தால் யார் எடுப்பார்? இதைச் சொல்ல வெள்ளைக்காரர் எதற்கு? அந்தத் தகரக் கூரையின் படத்தைப் போட்டிருந்தால் எனக்கு பஸ் பயணமே மிச்சம்.

மாப்பிள்ளையை நம்பலாம், தளத்தை நம்ப வேண்டாம் — ஜமால்தீனிடம் அறிக்கை கொடுத்தேன். ஆனால் மகள் சம்மதிக்க வேண்டுமே? அவள் கம்பியூட்டர் படித்தவள். எனக்கு முன்னமே தளத்தைப் பார்த்துவிட்டாளாம். காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

“என்ன சொன்னாள்?” என்று கேட்டேன்.

“சிரிச்சா மச்சான். பொறகு சொல்றா, ‘அத நான் திருத்திக் குடுக்கிறன் வாப்பா’ எண்டு.”

சம்மதத்தை இதைவிடத் தெளிவாக எழுதிய படிவம் ஒன்றை என் சேவைக்காலத்தில் நான் கண்டதில்லை.