நூல் வெட்டும் அக்காவின் விசில்

தாராவி தையல் பட்டறையில் பிசிறு நூல் வெட்டும் அந்த அக்கா, சாட்சிக் கூண்டில் நின்றபடியே முதலாளி தரப்பு வக்கீலின் கோட்டில் தொங்கிய நூலைப் பிடுங்கிப் போட்டார். நீதிமன்றமே சிரித்தது, அவர் தமிழை இந்தியில் சொல்ல வந்த நானும்தான்.

"வாய் பேசாத தொழிலாளியை மேஸ்திரி நாயைப்போல விசிலடித்துக் கூப்பிட்டாரா? எங்கே, எப்படி?" என்று வக்கீல் நக்கலடித்தார்.

அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தார் பாருங்கள் ஒரு விசில்! நீதிபதியே துள்ளிவிட்டார். இதை நான் எப்படி மொழிபெயர்ப்பது?

தேவையே இல்லை. பின்வரிசையிலிருந்த அந்தத் தொழிலாளி விழுந்தடித்து ஓடிவந்து, கூண்டருகே கைகட்டி நின்றார். சிரிப்பு அடங்கியது.

"நீ போயி ஒக்காருய்யா," என்ற அக்கா, முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியைக் கைகாட்டினார். "இனி இந்த ஆளு ஓடட்டும்."

யாரும் கேட்காமலே, அதை இந்தியில் கத்திச் சொன்னேன்.